போதைப்பொருள் கடத்தற் சட்டமும் எமது குடும்பங்களும்

(சட்டப் பாடம்: கிராமக் குழுக்கள், மாதர் சங்கங்கள், இளைஞர் மன்றங்கள் என்பவற்றில் வாசித்துக் கலந்துரையாடுவதற்கு)

1. இந்தப் பாடம் எதற்கு?

சட்டம் என்றால் அது நீதிமன்றத்துக்கும் சட்டத்தரணிக்கும் உரிய காரியம் என்று ஒதுங்கிவிடும் பழக்கம் கிராமங்களில் உண்டு. காணி அனுமதிப்பத்திரத்தின் பெறுமதி எவ்வளவு என்பதை இடம்பெயர்ந்து திரும்பி வந்த பின்னர்தான் பல குடும்பங்கள் அறிந்துகொண்டன. போதைப்பொருள் பற்றிய சட்டமும் அப்படிப்பட்டதே. வீட்டில் ஒரு பிள்ளை கைதான பிறகு அதைப் படிக்கத் தொடங்கினால் காலம் கடந்துவிடும்.

1990இலும், 2004 டிசம்பர் 26 சுனாமியிலும், 2006-2007 போரிலும் வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பங்களுக்காகவே இதை எழுதுகிறோம். வயலை இழந்தவர்களும், வயல் கிடைத்தும் அதைச் செய்கைபண்ண முதல் இல்லாதவர்களும், மாட்டுப்பட்டியின் மேய்ச்சல் தரையை இழந்தவர்களும், நுண்கடனுக்கு வாரந்தோறும் தவணை கட்டுபவர்களும் இவர்களுள் இருக்கிறார்கள். கையில் தொழில் இல்லாத இளைஞனைத் தேடியே கடத்தற்காரனின் ஆள் வருகிறான். ஆகவே இந்தச் சட்டம் எமக்குத் தூரத்து விடயம் அல்ல.

இப்பாடத்தில் நாம் சொல்ல வருவது ஒன்றுதான். எல்லை கடந்து நடக்கும் பெருங்கடத்தலைத் தடுப்பதற்கென்று சட்டம் ஆக்கப்பட்டது. ஆனால், அது நடைமுறையில் முதலில் பிடிப்பது பொதியைக் கையில் வைத்திருப்பவனை. அந்தக் கை எமது பிள்ளையின் கையாக இருந்துவிடக் கூடாது. அப்படி நேர்ந்தால் குடும்பம் என்ன செய்யவேண்டும் என்பதும் தெரிந்திருக்கவேண்டும்.

2. கடல் எல்லையும் கடத்தலும்

இலங்கைக்குத் தரை எல்லை இல்லை. சுற்றிவரக் கடலே எல்லை. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையிலான கடல் எல்லை 1974ஆம், 1976ஆம் ஆண்டுகளில் செய்யப்பட்ட உடன்படிக்கைகளினால் வரையப்பட்டது. பாக்கு நீரிணை ஒடுங்கியது. இராமேஸ்வரம் பக்கத்திலிருந்து மன்னாருக்கோ யாழ்ப்பாணக் கரைக்கோ இயந்திரப் படகில் சில மணி நேரத்தில் வந்துவிடலாம். எமது பக்கத்தில் ‘கேரளக் கஞ்சா’ என்று பெயர் பெற்ற கஞ்சா பெரும்பாலும் இந்த வழியாகவே வருகிறது.

ஹெரோயின் வரும் வழி வேறு. ஆப்கானிஸ்தானில் அபினிலிருந்து செய்யப்படும் ஹெரோயின் ஈரான், பாகிஸ்தான் நாடுகளின் மக்ரான் கரையோரத்திலிருந்து வள்ளங்களில் ஏற்றப்பட்டு அரபிக் கடல் வழியாகத் தெற்கே வருகிறது. நடுக்கடலில் அது எமது நாட்டு ஆழ்கடல் மீன்பிடிப் படகுகளுக்கு மாற்றப்படுகிறது. இப்போது ‘ஐஸ்’ எனப்படும் மெத்தம்பெற்றமைனும் அதே வழியால் வருகிறது. கடற்படையினர் ஒரே படகில் நூற்றுக்கணக்கான கிலோ பிடித்த சம்பவங்களும் உள்ளன.

கரைக்கு வந்த பின்னர் பெரும் பொதி சிறு பொதிகளாகப் பிரிகிறது. பஸ்ஸிலும் முச்சக்கரவண்டியிலும் மோட்டார் சைக்கிளிலும் அது திருகோணமலை வீதியாலும் பதுளை வீதியாலும் எம்மிடம் வருகிறது. புளியந்தீவுக்கு வந்து சேரும்போது அது தீப்பெட்டிக்குள் அடங்கிவிடும். கிலோக் கணக்கில் அனுப்பியவன் வெளிநாட்டில் இருக்கிறான். தீப்பெட்டியோடு பஸ்ஸில் இருப்பவன் எமது ஊர்ப் பொடியன்.

3. சட்டம் வளர்ந்த விதம்

இன்று நடைமுறையில் உள்ள பிரதான சட்டம் பிரித்தானியர் காலத்தது. அது 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நஞ்சுகள், அபின் மற்றும் அபாயகர ஒளடதங்கள் கட்டளைச் சட்டம். மருந்துக்குப் பயன்படும் அபின், கஞ்சா போன்றவற்றை யார் வைத்திருக்கலாம், யார் விற்கலாம் என்று ஒழுங்குபடுத்துவதே அதன் ஆரம்ப நோக்கம். சுதேச வைத்தியர்கள் தமது மருந்துக்கு வேண்டியதை அனுமதியோடு பெறுவதற்கும் அதில் இடம் உண்டு.

1980களின் தொடக்கத்தில் ஹெரோயின் நாட்டினுள் வந்து பரவியது. அதற்கு முகம்கொடுக்க அரசு 1984இல் இரண்டு காரியங்களைச் செய்தது. 11ஆம் இலக்கச் சட்டத்தினால் தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையை அமைத்தது. 13ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தினால் பழைய கட்டளைச் சட்டத்தைக் கடுமையாக்கியது. மரண தண்டனையும் ஆயுட்காலச் சிறைத்தண்டனையும் போதைப்பொருட் குற்றத்துக்கு வந்தது இந்தத் திருத்தத்தினாலேயே.

கடத்தல் எல்லை கடந்தது என்பதால் நாடுகள் கூடியும் உடன்படிக்கை செய்தன. 1988இல் ஐக்கிய நாடுகளின் சமவாயம் ஒன்றும், 1990இல் மாலைதீவில் சார்க் நாடுகளின் சமவாயம் ஒன்றும் உருவாகின. அவற்றை எமது நாட்டுச் சட்டமாக்கியது 2008ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம். இதனால் ஒரு நாட்டில் குற்றம் செய்துவிட்டு மற்ற நாட்டில் ஒளிந்திருப்பவரை ஒப்படைக்கவும், நாடுகள் தகவல் பரிமாறவும் வழி ஏற்பட்டது.

கடைசியாக 2022இல் 41ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் வந்தது. 1984இன் கடுந்தண்டனைப் பட்டியலில் ஐஸ் இருக்கவில்லை. அக்காலத்தில் அது இங்கே பரவியிருக்கவும் இல்லை. புதிய திருத்தம் அதையும் பட்டியலில் சேர்த்தது.

4. நிறையே கணக்கு

இப்பாடத்தில் மனத்தில் இருத்தவேண்டிய பகுதி இதுதான். சட்டம் ஆளைப் பார்ப்பதற்கு முன் நிறையைப் பார்க்கிறது.

ஹெரோயின் 2 கிராமோ அதற்கு மேலோ இருந்தால், அதை வைத்திருந்தவருக்கும் கடத்தியவருக்கும் மரண தண்டனை அல்லது ஆயுட்காலச் சிறை விதிக்கலாம். ஐஸ் ஆனால் அந்த அளவு 5 கிராம். இவற்றுக்குக் குறைந்தால் நிறைக்கேற்பத் தண்டப்பணமும் சிறைத்தண்டனையும் உண்டு.

2 கிராம் எவ்வளவு என்று வயல் செய்யும் நாம் இலகுவாக அறியலாம். ஆயிரம் நெல்மணியின் நிறை ஏறக்குறைய 20 முதல் 25 கிராம் வரை. அப்படியானால் 2 கிராம் என்பது எண்பது, நூறு நெல்மணியின் நிறைதான். 5 கிராம் என்பது ஒரு தேக்கரண்டிச் சீனி. உள்ளங்கையில் மறைத்துவிடக்கூடிய இந்த அளவில் ஒரு மனிதனின் முழு ஆயுளும் அடங்கியிருக்கிறது.

இங்கே ஒரு விளக்கம் தேவை. கைப்பற்றப்பட்ட தூள் முழுவதும் ஹெரோயினாக இருப்பதில்லை. விற்பவர்கள் வேறு பொருட்களைக் கலக்கிறார்கள். ஆகவே பொதி அரச இரசாயனப் பகுப்பாய்வாளருக்கு அனுப்பப்படும். அதில் உள்ள சுத்தமான போதைப்பொருளின் நிறை எவ்வளவு என்று அவர் அறிக்கை தருவார். குற்றச்சாட்டு அந்த நிறையின்படியே அமையும். பொலிஸார் சொல்லும் மொத்த நிறையும் அறிக்கையில் வரும் நிறையும் ஒன்றல்ல. குடும்பத்தார் சட்டத்தரணியிடம் முதலில் விசாரிக்க வேண்டியது இந்த அறிக்கையைப் பற்றித்தான்.

இன்னொன்று, ‘கடத்தல்’ என்ற சொல்லின் பொருள். விற்பதுதான் கடத்தல் என்று பலர் நினைக்கிறார்கள். சட்டத்தில் அதன் பொருள் மிக விரிவானது. விற்பது, கொடுப்பது, பெற்றுக்கொடுப்பது, களஞ்சியப்படுத்தி வைப்பது, ஏற்றிச் செல்வது, அனுப்புவது, கையளிப்பது, பகிர்ந்தளிப்பது, இவற்றைச் செய்வதாக முன்வருவது ஆகிய எல்லாமே கடத்தல்தான். காசு வாங்கினாரா இல்லையா என்பது கேள்வியே அல்ல. உடந்தையாக இருப்பதும், செய்ய முயல்வதும், சேர்ந்து சதி செய்வதும் அதே தண்டனைக்குரியவை.

ஒரே பொதி கரைக்குக் கரை வேறுபட்ட தண்டனைக்கு உட்படுகிறது என்பதையும் கவனிப்போம். இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருட் சட்டத்தின்கீழ் 5 கிராம் ஹெரோயின் சிறிய அளவாகக் கொள்ளப்படுகிறது. 250 கிராம் ஆகும்போதே அது வியாபார அளவாகி, குறைந்தது 10 வருடச் சிறை என்ற கட்டத்துக்குள் வருகிறது. சிங்கப்பூரில் 15 கிராமைத் தாண்டினால் மரண தண்டனை. மலேசியத் தமிழ் இளைஞர் ஒருவர் 2009இல் 42.72 கிராம் ஹெரோயினைத் தொடையில் கட்டிக்கொண்டு அந்த நாட்டு எல்லையைக் கடந்தபோது பிடிபட்டார். அவருடைய அறிவுத்திறன் குறைவானது என்று சட்டத்தரணிகளும் உலகெங்கும் பலரும் எடுத்துக்கூறியும், 2022 ஏப்ரல் 27 அன்று தூக்கிலிடப்பட்டார். பொதியைச் சுமப்பது மாத்திரமே செய்த ஒருவர், விசாரணைக்குப் பெரிதும் உதவினார் என்று அரச தரப்பு சான்றிதழ் கொடுத்தால், தூக்குக்குப் பதிலாக ஆயுட்சிறை விதிக்கலாம் என்று சிங்கப்பூர் 2012இல் தன் சட்டத்தைத் திருத்தியது. எமது கட்டளைச் சட்டத்தில் சுமப்பவனுக்கென்று அப்படித் தனியான வாசல் இல்லை.

5. ஐந்து மீனவரும் மூன்று மீனவரும்

சட்டமும் எல்லையும் ஏழையும் சந்திக்கும் இடத்தில் என்ன நடக்கிறது என்பதற்கு எமது நாட்டிலேயே ஒரு வழக்கு உண்டு. 2011 நவம்பரில் இராமேஸ்வரம் பகுதியைச் சேர்ந்த ஐந்து மீனவரையும், இலங்கையர் மூவரையும் எமது கடற்படை கைது செய்தது. ஹெரோயின் கடத்தினார்கள் என்பது குற்றச்சாட்டு. தமிழ்நாட்டு மீனவர் தாம் குற்றமற்றவர் என்றே சொல்லி வந்தனர். மூன்று வருடம் வழக்கு நடந்தது. 2014 ஒக்டோபர் 30 அன்று கொழும்பு மேல் நீதிமன்றம் எட்டுப் பேருக்கும் மரண தண்டனை விதித்தது.

இராமேஸ்வரத்திலும் தங்கச்சிமடத்திலும் மக்கள் கொந்தளித்தார்கள். இந்திய அரசு மேன்முறையீட்டுக்கு உதவியது. இரு நாட்டுத் தலைவர்களும் பேசினார்கள். அந்த நவம்பர் மாதமே ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ஷ ஐந்து இந்திய மீனவருக்கும் மன்னிப்பு வழங்கினார். அவர்கள் ஊர் திரும்பினார்கள். அவர்களோடு ஒரே கூண்டில் நின்ற மூன்று இலங்கையருக்கு அந்த மன்னிப்பு கிடைக்கவில்லை.

மீனவர் விடுதலையானதை நாம் குறைசொல்லவில்லை. உயிர் தப்பியது நல்லதே. ஆனால் ஒரே வழக்கில், ஒரே தீர்ப்பில், யாருக்குப் பின்னால் ஒரு அரசும் ஊரும் எழுந்து நின்றதோ அவர் வெளியே வந்தார். எமது பிள்ளைக்குப் பின்னால் எழுந்து நிற்கப்போவது யார்? அகதி முகாமிலும் நலன்புரி நிலையத்திலும் வாழ்ந்த குடும்பங்கள் இந்தக் கேள்வியின் பாரத்தை அறிவார்கள். முன்கூட்டியே சட்டம் அறிந்த ஒரு கிராமக் குழுவாவது பின்னால் நிற்கவேண்டும் என்பதே இப்பாடத்தின் எதிர்பார்ப்பு.

6. தூக்குமேடை பற்றி

இலங்கையில் கடைசியாகத் தூக்குத் தண்டனை நிறைவேற்றப்பட்டது 1976 ஜூன் 23 அன்று. அதற்குப் பிறகும் நீதிமன்றங்கள் மரண தண்டனை விதித்தே வருகின்றன, ஆனால் நிறைவேற்றப்படுவதில்லை. 2019 ஜூனில் அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, போதைப்பொருட் குற்றவாளிகள் நால்வரைத் தூக்கிலிடும் கட்டளையில் கையொப்பமிட்டதாக அறிவித்தார். அடுத்த மாதமே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது.

திருச்சபையின் நிலைப்பாடும் தெளிவானது. 2018 ஓகஸ்டில் திருத்தந்தை பிரான்சிஸ் மறைக்கல்வி நூலில் திருத்தம் செய்து, மரண தண்டனை ஏற்கத்தக்கதல்ல என்று அறிவித்தார். குற்றத்தைச் சிறிதாக்குவதற்காக அல்ல, எந்த மனிதனுக்கும் மனந்திரும்ப இடமுண்டு என்பதற்காகவே அவ்வாறு அறிவிக்கப்பட்டது. கிராமத்தைக் கெடுக்கும் வியாபாரியைக் கண்டு கோபப்படுவது நியாயம். அந்தக் கோபத்தில் தூக்குமேடை வேண்டும் என்று கேட்பவர்கள், அங்கே முதலில் ஏறப்போவது கப்பல் அனுப்பியவனா, தீப்பெட்டி சுமந்தவனா என்று ஒருமுறை சிந்திக்கவேண்டும்.

7. எமது வாசலுக்கு வரும் ஐந்து வழிகள்

ஒரு பேச்சுக்கு ஒரு பொடியனை நினைத்துக்கொள்வோம். வயது இருபது. தகப்பன் கூலிக்கு வெள்ளாமை வெட்டப் போகிறார். தாய்க்கு இரண்டு இடத்தில் கடன். தெரிந்த ஒருவர் வந்து, “தம்பி, இந்தச் சாமானை ரவுனில் ஒருத்தர் எடுப்பார், கொண்டுபோய்க் குடு, ஐயாயிரம் தாறன்” என்கிறார். உள்ளே என்ன என்று அவனும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. பொதியை அவன் கையில் வாங்கிய நிமிடத்திலிருந்து சட்டத்தின் கண்ணில் அவன் ஏற்றிச் செல்பவன். தெரியாது என்பதை அவன் நீதிமன்றத்தில் சொல்லலாம். அதை நீதிமன்றம் கேட்கும். ஆனால் அதைச் சொல்லும் நாள் வருவதற்குள் விளக்கமறியலில் வருடங்கள் போய்விடலாம்.

முதலாவது வழி, இந்தப் பொதி. யார் தந்தாலும், திறந்து காட்டாத பொதியைக் கூலிக்குக் கொண்டுபோக வேண்டாம். வெளிநாடு போகும் பிள்ளைகளுக்கும், விமான நிலையத்தில் பிறருடைய பையை வாங்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இரண்டாவது, வங்கிக் கணக்கும் தொலைபேசி இலக்கமும். வியாபாரிகள் காசைத் தம் பெயரில் வாங்குவதில்லை. ஏழைப் பெண்களின் வங்கிப் புத்தகத்தையும் ஏ.டி.எம். அட்டையையும், அவர்கள் பெயரில் எடுத்த சிம் அட்டையையும் மாதம் ஏதோ கொடுத்து இரவல் வாங்குகிறார்கள். 2006ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கப் பணம் தூயதாக்கல் தடுப்புச் சட்டத்தின்கீழ் அந்தக் காசு யாருடைய கணக்கில் ஓடியதோ அவரும் விசாரிக்கப்படுவார். குற்றத்தினால் வந்த சொத்தைக் கைப்பற்றுவதற்கு 2025இல் இன்னொரு சட்டமும் வந்திருக்கிறது.

மூன்றாவது, வீடும் வளவும். இரண்டு நாளைக்கு ஒரு பெட்டி வைத்திருங்கள் என்று கேட்பார்கள். களஞ்சியப்படுத்துவதும் கடத்தல் என்று மேலே கண்டோம்.

நான்காவது, சேனை. காட்டோரத்தில் யாரோ கஞ்சா போட்டுவிட்டு, பார்த்துக்கொள்ளச் சொல்லி எமது ஆட்களைக் கூலிக்கு வைப்பார்கள். ஏற்றுமதிக்கென்று முதலீட்டுச் சபையின்கீழ் சில வெளிநாட்டு முதலீட்டாளருக்கு 2025இல் கஞ்சாச் செய்கைக்கு அனுமதி கொடுக்கப்பட்டது. ‘இனி எல்லோரும் போடலாம்’ என்று அதைக் காட்டிச் சொல்பவர்களை நம்ப வேண்டாம். அது எமது சேனைக்கு வந்த அனுமதி அல்ல.

ஐந்தாவது, பழக்கம். முதலில் சும்மா கொடுத்து, பழகிய பின் கடனாகக் கொடுத்து, கடன் ஏறியதும் விற்று அடைக்கச் சொல்வார்கள். பாவிப்பவன் விற்பவனாகும் பாதை இதுதான்.

8. கைது செய்யப்பட்டால்

அழுது புலம்பிக்கொண்டு இருக்க நேரமில்லை. பின்வருவனவற்றை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

• கைதுக்கான காரணத்தைச் சொல்லவேண்டும். அரசியலமைப்பின் 13ஆவது உறுப்புரை இந்த உரிமையைத் தருகிறது. குற்றம் நிரூபிக்கப்படும்வரை ஒருவர் நிரபராதி என்பதும் அதே உறுப்புரையில் உள்ளது.

• எந்தப் பொலிஸ் நிலையம், எத்தனை மணிக்கு, யார் கொண்டுபோனார்கள் என்பதை உடனே குறித்துக்கொள்ளுங்கள். சோதனை நடந்தபோது யார் யார் நின்றார்கள் என்பதையும் எழுதுங்கள்.

• பெண்ணை உடற்சோதனை செய்வதானால் பெண்ணே செய்யவேண்டும்.

• 24 மணி நேரத்துக்குள் நீதவான் முன் கொண்டுவரவேண்டும். போதைப்பொருள் விடயத்தில், நீதவானின் கட்டளையோடு ஏழு நாள் வரை பொலிஸார் தடுத்துவைத்து விசாரிக்கச் சட்டத்தில் இடமுண்டு. கட்டளை இருக்கிறதா என்று கேளுங்கள்.

• சட்டத்தரணி ஒருவர் பொலிஸ் நிலையத்துக்கு வந்து பேசுவதற்கு 2012ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் இடமளிக்கின்றன.

• வாக்குமூலம் தமிழில் கொடுக்கலாம். விளங்காத மொழியில் எழுதியதில் கையொப்பமிட வேண்டாம். பொலிஸாரிடம் கொடுக்கும் குற்ற ஒப்புதலைச் சாதாரண வழக்கில் சான்றாக ஏற்கச் சாட்சியக் கட்டளைச் சட்டம் இடமளிப்பதில்லை.

• அடித்தால், துன்புறுத்தினால், நீதவான் முன் அதைச் சொல்லவேண்டும். வைத்தியப் பரிசோதனை கேட்கவேண்டும். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் மட்டக்களப்புப் பிராந்திய அலுவலகத்தில் முறையிடலாம். அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யவேண்டும். ஆனால் அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அக்கணக்கில் சேராது.

• பிணை பற்றி ஏமாறாதீர்கள். கடுமையான போதைப்பொருள் வழக்குகளில் நீதவான் பிணை கொடுக்க முடியாது. விதிவிலக்கான காரணம் காட்டினால் மேல் நீதிமன்றமே கொடுக்கலாம். 2022 திருத்தத்தின்படி, சுத்தமான நிறை 10 கிராமோ அதற்கு மேலோ இருந்து, குற்றமும் மரண அல்லது ஆயுட்தண்டனைக்குரியதானால், மேன்முறையீட்டு நீதிமன்றம் மட்டுமே பிணை கொடுக்கலாம். ‘நாளைக்கே எடுத்துத் தாறன்’ என்று காசு கேட்கும் தரகரிடம் நகையை அடகு வைத்துக் கொடுக்காதீர்கள்.

• சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவின் மட்டக்களப்பு நிலையத்துக்குப் போங்கள். 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தினால் ஏழைகளுக்கென்றே அது அமைக்கப்பட்டது.

2023 டிசம்பரில் தொடங்கிய ‘யுக்திய’ நடவடிக்கையில் நாடெங்கும் பல்லாயிரக்கணக்கானோர் கைதானார்கள். பிடியாணை இல்லாத தேடுதல் பற்றியும் தடுப்புக்காவலில் துன்புறுத்தல் பற்றியும் ஐக்கிய நாடுகளின் மனித உரிமை அலுவலகம் கவலை தெரிவித்தது. சுற்றிவளைப்பையும் தலையாட்டியையும் கண்ட எமக்கு இது புதிதல்ல. சட்டம் கடுமையாகும்போது உரிமையை அறிந்திருப்பது இன்னும் அவசியமாகிறது.

9. பழக்கத்துக்கு ஆளானவர் குற்றவாளியா, நோயாளியா?

சட்டத்துக்கு இரண்டு கை உண்டு. ஒரு கை தண்டிக்கிறது. மற்றக் கை சிகிச்சைக்கு அனுப்புகிறது. 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் போதைக்கு அடிமையானவர்களின் சிகிச்சைக்கும் புனர்வாழ்வுக்கும் உரியது. தாமாக விரும்பிச் சிகிச்சைக்குச் சேரவும், நீதவானின் கட்டளைப்படி அனுப்பப்படவும் அதில் வழி உண்டு.

கட்டாயப் புனர்வாழ்வு பற்றி எமது பெற்றோருக்குப் பயம் இருக்கிறது. அதற்குக் காரணமும் இருக்கிறது. வெலிக்கந்தைக்கு அப்பால் உள்ள கந்தக்காடு நிலையத்தில் 2022 ஜூனில் ஒருவர் இறந்ததைத் தொடர்ந்து கலவரம் மூண்டு, நூற்றுக்கணக்கானோர் தப்பி ஓடினார்கள். அதே வருடம் கொண்டுவரப்பட்ட புனர்வாழ்வுப் பணியகச் சட்டமூலம் உயர் நீதிமன்றத்தில் எதிர்க்கப்பட்டு, திருத்தங்களோடு 2023 ஜனவரியில் நிறைவேறியது. ஆகவே, பிள்ளை பொலிஸில் பிடிபட்டுக் கட்டளையோடு போகும்வரை காத்திருக்காமல், அதற்கு முன்னரே சிகிச்சைக்குக் கொண்டுபோவது மேல். தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற இலக்கத்துக்கு அழைத்து ஆலோசனை கேட்கலாம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கும் போகலாம். பேயோட்டுவதும் கட்டிவைத்து அடிப்பதும் சிகிச்சை அல்ல.

எருசலேமிலிருந்து எரிக்கோவுக்குப் போகும் பாதையில் அடிபட்டுக் கிடந்தவனின் கதை எம் எல்லோருக்கும் தெரியும். சமாரியன் அவனிடம் ‘இந்தப் பாதையால் ஏன் வந்தாய்’ என்று விசாரணை வைக்கவில்லை. காயத்தைக் கட்டினான், சத்திரத்தில் சேர்த்தான், செலவையும் பொறுப்பேற்றான், திரும்பி வந்து பார்ப்பதாகவும் சொன்னான். சிகிச்சை முடித்து வரும் பிள்ளையைத் திரும்பிப் பார்க்கும் வேலையில்தான் எமது கிராமங்கள் பெரும்பாலும் தவறுகின்றன. ‘தூள்காரன்’ என்று பெயர் வைத்தால் அவனைச் சேர்த்துக்கொள்ளக் காத்திருப்பவன் வியாபாரி ஒருவனே.

10. சங்கங்கள் செய்யக்கூடியவை

இடம்பெயர்ந்த காலத்தில் முகாமில் கஞ்சிக் கொட்டிலும் பாடசாலைக் கொட்டிலும் நடத்தியது நாமேதான். கூடி வேலை செய்யும் அந்தப் பழக்கத்தை இதற்கும் கொண்டுவரலாம்.

முதலாவதாக, கைது நடந்தால் யார் பொலிஸ் நிலையத்துக்குப் போவது, யார் சட்ட உதவி நிலையத்துக்குப் போவது, யார் தாயோடு இருப்பது என்று மூன்று பேரை முன்கூட்டியே நியமியுங்கள். இரண்டாவதாக, மாதர் சங்கக் கூட்டத்தில் வங்கிப் புத்தகமும் சிம் அட்டையும் பற்றிப் பேசுங்கள். மூன்றாவதாக, சங்கச் சேமிப்பிலிருந்து இளைஞருக்குத் தொழில் முதலாக ஒரு சிறு பங்கை ஒதுக்குங்கள். மேட்டுநிலப் பயிருக்கும் கோழிக்கும் கொடுக்கும் சிறுகடன், ஐயாயிரம் ரூபாப் பொதிக்கு எதிரான பலமான வேலி. நான்காவதாக, விற்பவரைப் பற்றித் தகவல் கொடுப்பதானால் தனியாள் போகாமல் கிராம உத்தியோகத்தர், மதகுரு, சங்கத் தலைவர் மூலமாகக் கூட்டாகக் கொடுங்கள். கோபதாபத்துக்காக அயலவர்மேல் பொய் முறைப்பாடு செய்வதும் ஒரு பாவமே. இரண்டு கிராமின் கதையை மேலே படித்தோம்.

நிலம் இல்லாதவனுக்கு நிலம், முதல் இல்லாதவனுக்கு முதல், மேய்ச்சல் தரை இழந்தவனுக்கு மேய்ச்சல் தரை: இவற்றைக் கேட்டு நாம் நடத்தும் போராட்டமும் போதைக்கு எதிரான போராட்டமே. கடலில் கடற்படை காவல் நிற்கட்டும். கிராமத்துக்குக் காவல், வேலையுள்ள பிள்ளையும் விழித்திருக்கும் சங்கமும்தான்.

குழுவில் கலந்துரையாட

1. எமது கிராமத்தில் மேற்சொன்ன ஐந்து வழிகளில் எந்த வழி திறந்து கிடக்கிறது? அதை யார் மூடலாம்?

2. சட்டத்தில் ‘கடத்தல்’ என்பதற்குள் அடங்கும் செயல்களைப் பாடத்தைப் பார்க்காமல் சொல்லுங்கள்.

3. எட்டுப் பேர் தண்டிக்கப்பட்ட வழக்கிலிருந்து நாம் என்ன கற்கிறோம்? எமது ஊரில் ஒருவர் கைதானால் அவருக்குப் பின்னால் நிற்பவர் யார்?

4. சிகிச்சை முடித்துத் திரும்பும் ஒருவருக்கு முதல் மூன்று மாதத்தில் சங்கம் என்ன செய்யலாம்?

5. தண்டனையை மேலும் கடுமையாக்கினால் கடத்தல் நிற்குமா? ஆம் என்பவர்களும் இல்லை என்பவர்களும் தத்தம் காரணத்தைச் சொல்லட்டும். மற்றவர் சொல்வதை முழுவதும் கேட்ட பின்னரே பதில் சொல்லவேண்டும்.